ஜெர்மனியில் படிக்கிறவர்கள்: படிப்புக்கு நடுவில் ஊர் சுற்றப் போனீர்களா? வீட்டுக்காசில் போக மனசு வந்ததா?

பொருநைக்கரை | 11 மே 2025, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். போன அக்டோபரில் டோர்ட்முண்டுக்கு மெக்கானிக்கல் முதுகலை படிக்க வந்தேன். இப்போது இரண்டாவது செமஸ்டர் ஓடுகிறது.

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டினோம். பாதிக்கு மேல் கல்விக்கடன், மிச்சம் அம்மாவின் நகை. அப்பாவுக்கு அரிசிக்கடை. அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் 992 யூரோ கைக்கு வரும். பகுதிநேர வேலை இன்னும் கிடைக்கவில்லை.

விடுதியில் என் தளத்தில் இருக்கும் நான்கு பேர் அடுத்த மாதம் பக்கத்து செக் நாட்டின் தலைநகர் பிராக் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இரவுப் பேருந்து, மூன்று நாள் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 150 யூரோவுக்குள் முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம்ம காசுக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம். எங்கள் கடையில் மூட்டை இறக்குகிற அண்ணன் ஒரு மாதம் முழுக்கச் சுமந்தால் கிடைக்கிற காசு அது.

அம்மாவிடம் சொன்னேன். "போயிட்டு வா ராசா, குளிருக்குச் சட்டை எடுத்துக்கோ"ன்னுதான் சொல்லுதாங்க. ஊர் சுத்தவா அனுப்பினோம்னு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

இன்னொன்று. பிப்ரவரியில் எழுதிய தேர்வு ஒன்று போய்விட்டது. ஜூலையில் திரும்ப எழுத வேண்டும்.

இங்கே படித்து முடித்தவர்கள் சொல்லுங்கள். நீங்கள் போனீர்களா? எப்படிப் போனீர்கள்?

நெய்வேலிக்காரி | 12 மே, காலை 7.15

தம்பி, நான் ஆகனில் படித்தேன், 2021 முதல் 2024 வரை. முதல் பதினான்கு மாதம் எங்கேயும் போகவில்லை. விடுதி, நூலகம், மளிகைக்கடை. அவ்வளவுதான் எனக்கு ஜெர்மனி. டிசம்பரில் மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு அறைக்குள் போனால் திங்கள் காலைவரை யாரிடமும் பேசாத வாரங்கள் உண்டு. வீட்டுக்காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மூன்று நாள் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த காசு படிப்புக்கு ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு ஏப்ரல் சனிக்கிழமை, என் ஆய்வகத்துப் பெண் ஒருத்தி "உங்க ஊர்ல பழுப்பு நிலக்கரி எடுக்கிறாங்கன்னு சொன்னியே, இங்க ஒண்ணு இருக்கு, பார்க்கறியா" என்று கேட்டாள். ஆகனிலிருந்து வட்டார ரயிலில் எர்கெலென்ஸ். அங்கிருந்து இரவல் சைக்கிள். வயல், காற்றாலை, மறுபடி வயல். திடீரென்று பூமி முடிந்துவிட்டது. கார்ட்ஸ்வைலர் திறந்தவெளிச் சுரங்கம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அடுக்கடுக்காகப் பள்ளம். அடியில் பக்கெட் வீல் இயந்திரம், சக்கரத்தில் வாளிகள் கோத்து மண்ணை வெட்டி அள்ளுகிற ராட்சதன்.

நான் அந்த இயந்திரத்தைப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் ஓடுகிற பக்கெட் வீல்களில் ஜெர்மனியிலிருந்து வந்தவையும் உண்டு. அப்பா அதில்தான் ஷிப்ட் பார்த்தார். ராத்திரி ஷிப்டுக்கு அவர் கிளம்பும்போது, தூரத்தில் அதன் விளக்குகள் நகர்வதைக் காட்டி "அதோ பாரு, என் வண்டி" என்பார். கார்ட்ஸ்வைலரில் வேலை செய்த பேகர் 288 இன்னும் பெரிய உருப்படி. 1978இல் க்ரூப் நிறுவனம் கட்டியது, எடை 13,000 டன்னுக்கு மேல். வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் பேசவே இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சுரங்கத்துக்காகக் கிராமங்களையே காலி செய்திருக்கிறார்கள். இம்மராத் என்ற ஊரின் பெரிய தேவாலயத்தை 2018இல் இடித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு வேறு இடத்தில் அதே பெயரில் புது ஊர். என் தாத்தா பிறந்த ஊரும் இன்றைக்குச் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது. அதை வார்த்தையில் சொல்ல எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு அந்தப் பெண்ணிடம், தட்டுத்தடுமாறிய ஜெர்மனில், ஒரு மணி நேரம் சொன்னேன். வந்ததிலிருந்து நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிய முதல் நாள் அது. கன்வேயர் உருளைகள் பழுதாவதை முன்கூட்டிக் கண்டுபிடிப்பது பற்றித்தான் கடைசியில் என் ஆய்வேட்டை எழுதினேன்.

செலவு? ரயிலுக்கு, செமஸ்டர் கட்டணத்தோடு வருகிற மாணவர் டிக்கெட். கையில் தயிர்சாதம். பிராகுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. ஆனால் அறையை விட்டுக் கிளம்புங்கள்.

இரவுப்பணி | 12 மே, பிற்பகல் 3.05

அக்கா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் தம்பி ஒரு தேர்வைக் கோட்டைவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். மூன்றிலும் போனால் 'இறுதியாகத் தோல்வி' என்று எழுதிவிடுவார்கள். பெயரை நீக்குவார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியில் வேறு எங்கேயும் அதே படிப்பில் சேர முடியாது. ஊரில் அரியர் வைத்து எட்டாவது செமஸ்டரில் மொத்தமாக எழுதிப் பழகிய நமக்கு இது புத்தியில் ஏறவே ஒரு வருஷம் ஆகிறது. மாணவர் என்ற தகுதி போனால் வசிப்பு அனுமதியும் ஆட்டம் காணும். உங்கள் துறையின் தேர்வு விதித்தொகுப்பை இன்றைக்கே இறக்கி, எத்தனை முயற்சி, எத்தனை நாள் முன்னால் விலகிக்கொள்ளலாம் என்று வரி வரியாகப் படியுங்கள்.

என் அறைத்தோழன் ஒன்பது நாடு பார்த்தான். அவன் எடுத்த படங்கள் அவ்வளவு நன்றாக இருக்கும். மூன்றாவது முயற்சியும் போய், போன வருஷம் ஊருக்குத் திரும்பினான். விமான நிலையத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலில் பாஸ் பண்ணுங்கள். வேலை தேடுங்கள். 2025இல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.82 யூரோ. மாணவருக்கு வருஷத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரைநாள்வரை அனுமதி உண்டு. நான் பார்சல் பிரிக்கும் கூடத்தில் இரவில் நிற்கிறேன். பிராக் எங்கேயும் ஓடிவிடாது.

பெட்டிபடுக்கை | 12 மே, இரவு 9.20

போவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். போவதாக இருந்தால் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வசிப்பு அட்டையை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு பிராக் போனேன். உள்ளே போகும்போது யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது அதிகாலை மூன்று மணிக்கு எல்லையில் பேருந்தை ஓரங்கட்டி போலீஸ் ஏறினார்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. என்னை மட்டும் இறக்கினார்கள். விடுதியில் இருந்த நண்பனை எழுப்பி, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அவர்கள் கணினியில் சரிபார்த்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. பேருந்து போய்விட்டது. கையில் 11 யூரோ. அந்த இரண்டு மணி நேரம் நான் வேண்டிக்கொண்ட சாமிக்கெல்லாம் கணக்கே இல்லை.

அட்டை செல்லுபடியாக இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா செல்லுகிற ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள்வரை இருக்கலாம். குரோஷியா 2023இலும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகவும் சேர்ந்துவிட்டன. லண்டனுக்கும் டப்ளினுக்கும் தனி விசா வேண்டும், இதை மறந்து டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும். அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தால், கையில் இருக்கும் தற்காலிகத் தாளை நம்பி எல்லை தாண்டாதீர்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.

செமஸ்டர் கட்டணத்தோடு நீங்கள் கட்டுகிற டாய்ச்லாண்ட் டிக்கெட் சாதாரண விலையில் 60 சதவீதம்தான், 2025 கோடை செமஸ்டரில் மாதம் 34.80 யூரோ. நாடு முழுக்க வட்டார ரயில், உள்ளூர்ப் பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். ICE, IC மாதிரித் தொலைதூர ரயில்களிலும் தொலைதூரப் பேருந்துகளிலும் ஏறக்கூடாது. அதாவது ஜெர்மனிக்குள் வட்டார ரயிலில் போகிற பயணத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

பொருநைக்கரை | 12 மே, இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் அப்பா போனைக் கீழே வைத்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். இரவுப்பணி அண்ணே, விதித்தொகுப்பை இறக்கிவிட்டேன். எங்கள் துறையிலும் மூன்று முயற்சிதான். பிராக் வரவில்லை என்று நண்பர்களிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். ஆனாலும் மனசு லேசாகவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பொறையார் அப்பா | 13 மே, காலை 6.30

தம்பி, நான் மாணவன் இல்லை. என் மகள் லைப்சிக்கில் படிக்கிறாள். அவள் போன நாளிலிருந்து இந்த மாதிரிப் பக்கங்களைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எழுதுவது இதுதான் முதல் தடவை.

பணம் அனுப்புகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிள்ளை அங்கே பட்டினி கிடந்து மிச்சம் பிடிக்கிறது என்று தெரிந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. என் மகள் ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டாள். "அப்பா, நான் ஹல்லேயில இருக்கேன்" என்றாள். எனக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியும். தரங்கம்பாடியும் பொறையாரும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஹல்லேயில் படித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் எங்கள் கடற்கரையில் வந்து இறங்கியதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தோம். மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹல்லேயில் அச்சானது. இங்கிருந்து போன ஓலைச்சுவடிகளை அங்கே பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

லைப்சிக்கிலிருந்து அரை மணி, முக்கால் மணி ரயில் பயணம்தானாம். "நம்ம ஊர்ல இருந்து ஒரு வழி ஏற்கெனவே இங்க வந்திருக்குப்பா" என்றாள். நான் அன்று சாயங்காலம் தரங்கம்பாடிக்கு சைக்கிளை மிதித்துப் போய், 1718இல் கட்டிய அந்தப் புது எருசலேம் ஆலயத்தின் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் போன இடத்தின் இந்த முனையில் நான் இருக்க வேண்டும் போல இருந்தது. அந்தப் பயணத்துக்கு அவள் எவ்வளவு செலவழித்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

உங்கள் முதல் பதிவை நான்கு தடவை படித்தேன். தேர்வு விஷயத்தைக் கடைசியில் இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அம்மா திட்டவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம் தம்பி. தேர்வு போனது வீட்டுக்குத் தெரியுமா?

இரவுப்பணி | 13 மே, காலை 10.15

ஐயா கேட்டதைப் படித்ததும் நான் நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது. என் அறைத்தோழன் ஊர் சுற்றியதால் தோற்றான் என்பதுபோல எழுதிவிட்டேன். வரிசை அப்படி இல்லை. முதல் தேர்வு போனதை அவன் வீட்டில் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு நாடு. வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும், சந்தோஷமாக இருக்கிறான் என்று அவர்கள் நம்ப வேண்டும். அவனோடு ஒரே அறையில் இருந்த எனக்கே இரண்டாவது முயற்சி போன பிறகுதான் தெரியும். நான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

பொருநைக்கரை | 14 மே, அதிகாலை 1.25

ஐயா, தெரியாது.

மார்ச்சில் முடிவு வந்த அன்று அம்மா போன் பண்ணினாங்க. மார்க் வந்துட்டா என்று கேட்டாங்க. "அஞ்சு வந்திருக்கும்மா" என்றேன். இங்கே 1.0தான் உச்சம், 4.0வரை பாஸ், 5.0 என்றால் போச்சு. அம்மாவுக்கு அது தெரியாது. "அஞ்சுக்கு அஞ்சா!" என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. நான் திருத்தவில்லை. அப்பா கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை பாபநாசம் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை.

இதை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

நெய்வேலிக்காரி | 14 மே, காலை 6.50

இப்போது சொல்லிவிட்டீர்கள். நாளைக்கு வீட்டிலும் சொல்லிவிடலாம். அப்பா கடையைச் சாத்திவிட்டு வரும் நேரம் பார்த்துப் பேசுங்கள், அம்மா தனியாகக் கேட்க வேண்டாம். எனக்கும் இரண்டு 5.0 உண்டு. என்ன பாடம், எந்த அத்தியாயத்தில் தடுக்கிறது என்று தனிமடலில் எழுதுங்கள். ஞாயிறு காலை வீடியோவில் உட்காரலாம். பழைய வினாத்தாள்களை உங்கள் துறை மாணவர் மன்றத்தில் கேளுங்கள், பெரும்பாலும் வைத்திருப்பார்கள். நான் அதைக் கேட்கவே ஒரு வருஷம் கூச்சப்பட்டேன்.

கால்வாய்க்கரை | 14 மே, மாலை 5.40

வணக்கம் தம்பி. நான் இஞ்ச பிறந்து வளர்ந்த பிள்ளை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். தமிழ் எழுதுறதில பிழை இருந்தா மன்னிக்கோணும்.

நீங்கள் டோர்ட்முண்ட் எண்டு சொன்னதாலதான் எழுதுறன். பக்கத்தில, ஹம்மில, காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. டோர்ட்முண்டில இருந்து ஹம்முக்கு வட்டார ரயில், பிறகு ஊண்ட்ரோப்புக்கு பஸ். உங்கட டிக்கெட்டே காணும். 2002இல கும்பாபிஷேகம் நடந்தது. 17 மீற்றர் கோபுரம். சுத்திவர தொழிற்பேட்டை, தூரத்தில அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, அதுக்கு நடுவில எங்கட அம்மன். கோடையில தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். தீர்த்தம் ஆடுறது கால்வாயிலதான்.

என்ர அப்பா எண்பதுகளில வந்தவர். கொழும்பில இருந்து கிழக்கு பெர்லினுக்கு விமானம், அங்க இருந்து உள்ளூர் ரயிலில மேற்கு பெர்லின். அந்தக் காலத்தில கனபேர் அந்தப் பாதையாலதான் வந்தவை. கையில ஒரு பை. அப்பம்மாவுக்கு ஒவ்வொரு மாசமும் "நல்லா இருக்கிறன்" எண்டு கடிதம் எழுதினவராம். உணவகத்தில தட்டுக் கழுவினதை, அகதி முகாமில ஆறு பேரோட ஒரு அறையில இருந்ததை எழுதேல்லை. அப்பம்மா செத்தாப் பிறகு அந்தக் கடிதங்கள் எல்லாம் திரும்பி எங்களிட்ட வந்தது. அப்பா அதை ஒருநாள் எடுத்து வாசிச்சுப்போட்டு, "அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒண்டுமே தெரியாமப் போட்டுது" எண்டு சொல்லி அழுதவர். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருக்காத்தான்.

நீங்கள் வீட்டில கதையுங்கோ. பிறகு ஒரு நாளைக்குக் கோயிலுக்கு வாங்கோ. எங்கட வீட்டிலயே சாப்பிடலாம். படிப்புக்கும் உதவி தேவையெண்டா, என்ர தம்பியும் இயந்திரப் பொறியியல்தான்.

பொருநைக்கரை | 17 மே, இரவு 8.10

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை இரவு, ஊரில் அப்பா கடை சாத்திவிட்டு வந்த பிறகு.

அம்மா அழுதாங்க. மார்க் போனதற்கு என்று நினைத்தேன். "இத்தனை நாள் இதை வச்சுக்கிட்டா சாப்பிட்டே?" என்றுதான் கேட்டாங்க. அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறகு, "கடைக்கு வந்தவங்கிட்ட எல்லாம் நான் சொன்னதை நான் பாத்துக்கிடுதேன். நீ ஜூலைக்குப் படி" என்றார். போனை வைக்கப் போகும்போது திரும்ப எடுத்து, "அங்க மொத்தம் எத்தனை தடவை எழுத விடுவான்?" என்று கேட்டார். மூன்று என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

பிராகுக்கு இந்தத் தடவை போகவில்லை. செப்டம்பரில் முடிவு தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று நண்பர்களிடம் காரணத்தோடு சொன்னேன். அதில் இரண்டு பேருக்கும் அதே பாடம் போயிருக்கிறது. அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு மூன்று பேரும் இரண்டு மாதமாக ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். இப்போது செவ்வாய், வெள்ளி மாலைகளில் பொதுச் சமையலறையில் சேர்ந்து படிக்கிறோம். அக்காவிடம் நாளைக்குக் காலை முதல் வகுப்பு.

கால்வாய்க்கரை அக்கா, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் கிளம்பி ஹம்முக்கு வருகிறோம், மூன்று பேர். அதில் ஒருவன் புனேக்காரன், தமிழ் தெரியாது, கோயிலைப் பார்க்க வேண்டும் என்கிறான், கூட்டி வரலாம்தானே? அம்மா பொங்கல் வைக்கச் சொல்லியிருக்காங்க. அங்கே வெளியாட்கள் பொங்கல் வைக்க விடுவார்களா, அரிசி வெல்லம் நாங்கள் கொண்டு வரணுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

கால்வாய்க்கரை | 17 மே, இரவு 9.02

கூட்டிக்கொண்டு வாங்கோ. அரிசியும் சக்கரையும் அம்மா வச்சிருக்கிறா. பொங்கல் விசயம் கோயிலில கேட்டுச் சொல்லுறன், அங்க ஏலாட்டி வீட்டில வைப்பம். ஹம்மில இறங்கினோடன எனக்குத் தகவல் போடுங்கோ, அப்பா காரோட வந்து நிப்பார்.